கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வரலாற்று உலா

அருங்காட்சியகம் என்றவுடன் கண்ணாடிப் பேழைகளும், அவற்றின் கீழே எழுதி வைக்கப்பட்ட சிறு குறிப்புகளும் நம் நினைவுக்கு வருகின்றன. பொருள் இன்னது, காலம் இன்னது, கிடைத்த இடம் இன்னது என்று அக்குறிப்பே சொல்லிவிடுகிறது. பார்வையாளர் படித்துவிட்டு அடுத்த பேழைக்கு நகர்ந்துவிடலாம். தேனி மாவட்டத்தின் பழமையைக் காண வருவோர் இந்த எளிமையை எதிர்பார்க்க இயலாது. வைகைக் கரையில் ஓர் ஈமக்காடு, உத்தமபாளையத்தில் ஒரு பாறை, சின்னமனூரில் ஒரு கோயில், கூடலூருக்கு மேலே மலைமுடியில் இடிந்த கோட்டம், லோயர் கேம்ப்பில் ஒரு நினைவு மண்டபம் என அப்பழமை பள்ளத்தாக்கு முழுவதும் சிதறிக் கிடக்கிறது. பல இடங்களில் குறிப்புப் பலகைகூட இல்லை. எதைக் காண்கிறோம் என்பதை முன்னரே அறிந்து செல்வோருக்குத்தான் அவை புலப்படும்; அறியாதோர்க்கு அவை வெறுங் கற்களே.

மேற்கே ஏலமலைத் தொடரும் கிழக்கே மேகமலைத் தொடரும் சுவர்களாய் நிற்க, இடையே நீண்டு கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. முல்லையாறும் சுருளியாறும் இதனூடே ஓடி வைகையில் கலக்கின்றன. குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு ஆகிய கணவாய்கள் இப்பகுதியை மலைக்கு அப்பாலுள்ள சேரநாட்டோடு இணைத்தன. மதுரையிலிருந்து மேலைக் கடற்கரைக்குச் செல்வோர் கடக்க வேண்டிய வாயில்களுள் இவையும் அடங்கும். வணிகரும் சமணத் துறவியரும் படைவீரரும் ஆநிரை கவர்ந்தோரும் நடந்த வழியில் அவரவர் விட்டுச்சென்ற தடயங்கள் எஞ்சியிருப்பதில் வியப்பில்லை.

தீயன் அந்தவனின் கல்

ஆண்டிபட்டி வட்டத்தில், வைகையின் கரையில் அமைந்த சிற்றூர் புலிமான்கோம்பை. 2006ஆம் ஆண்டில் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கல்வெட்டியல் மற்றும் தொல்லியல் துறையைச் சார்ந்த பேராசிரியர் கா. ராஜன் தலைமையிலான ஆய்வுக் குழுவினர் வைகைச் சமவெளியில் கள ஆய்வு மேற்கொண்டனர். அப்போது இவ்வூரின் சிதைந்த பெருங்கற்கால ஈமக்காட்டில் எழுத்துப் பொறித்த மூன்று கற்களைக் கண்டறிந்தனர். அவற்றில் இருந்த எழுத்து, தமிழி எனப்படும் தமிழ்ப் பிராமி. அக்கற்கள் நடுகற்கள் என்பது உறுதியானபோது தமிழக வரலாற்று ஆய்வில் பெரும் மகிழ்ச்சி எழுந்தது. அதுவரை நாம் அறிந்திருந்த நடுகற்களில் பெரும்பாலானவை பல்லவர் காலத்தைச் சார்ந்தவை, வட்டெழுத்துப் பொறிப்புடையவை. செங்கம், தருமபுரிப் பகுதிகளில் கிடைத்த கற்கள் இவ்வகையின. புலிமான்கோம்பைக் கற்களோ கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சார்ந்தவை என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இந்தியாவில் இதுவரை கிடைத்துள்ள எழுத்துடைய நடுகற்களுள் மிகப் பழமையானவையாக இவை மதிக்கப்பெறுகின்றன.

பிற்கால நடுகற்களில் வீரனின் உருவம் செதுக்கப்பட்டிருக்கும். கையில் வாளும் வில்லும், சில இடங்களில் அருகே மாடுகளும் காணப்படும். புலிமான்கோம்பைக் கற்களில் உருவம் ஏதுமில்லை. எழுத்து மட்டுமே உண்டு. முழுமையாகப் படிக்கக் கிடைத்த கல் சொல்லும் செய்தி மிகச் சுருக்கமானது. கூடல் ஊரில் நிகழ்ந்த ஆகோளில் உயிர்நீத்த, பேடு என்னும் ஊரைச் சார்ந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் என்பதே அச்செய்தி. இன்னொரு கல்லில் வேளூரைச் சார்ந்த ஒருவரின் பெயர் உள்ளது. மற்றொன்று உடைந்துபோனதால் அதன் வாசகம் முழுமையாகக் கிடைக்கவில்லை.

இங்கு நாம் நின்று நோக்க வேண்டிய சொல் 'ஆகோள்'. ஆ என்பது பசு. கோள் என்பது கொள்ளுதல். பகைவரின் ஆநிரைகளைக் கவர்ந்து வருதலை இச்சொல் குறிக்கும். தொல்காப்பியப் புறத்திணையியலில் வெட்சித் திணையின் துறைகளுள் ஒன்றாக இதே சொல் இடம்பெறுகிறது. இலக்கணநூல் கூறும் ஒரு கலைச்சொல், ஈமக்காட்டில் நட்ட கல்லிலும் அதே வடிவில் நிற்கிறது. புறத்திணை இலக்கணம் புலவர்களின் கற்பனை மட்டுமே என்று எவரேனும் ஐயுற்றால் இக்கல்லைக் காட்டலாம். வெட்சிப் பூச்சூடி ஆநிரை கவர்ந்தோர் இப்பள்ளத்தாக்கில் வாழ்ந்தனர், மடிந்தனர், அவருக்குக் கல்லும் நடப்பட்டது.

கல் கூறும் கூடலூர் எது? இன்று கம்பத்துக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தில் கூடலூர் என்ற ஊர் உள்ளது. அவ்வூரே இது என இணைத்துக் காணும் ஆய்வாளர்கள் உள்ளனர். அது சரியெனில், தமிழில் எழுதப்பட்ட மிகப் பழைய ஊர்ப்பெயர்களுள் ஒன்று இன்றும் பேருந்தின் பெயர்ப் பலகையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மற்றொன்றும் கருதத்தக்கது. தீயன் அந்தவன் மன்னனல்லன், பெருவணிகனும் அல்லன். மாடு மேய்த்தும் மாடு கவர்ந்தும் வாழ்ந்த ஒரு குடியின் மகனாகவே அவனைக் கருத முடிகிறது. அவன் பெயரை எழுதவும், எழுதியதைப் படிக்கவும் அவ்வூரில் ஆள் இருந்தனர். எழுத்தறிவு அரண்மனையோடும் துறவியர் குகையோடும் நின்றுவிடவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இதே வைகையின் கீழ்ப்பகுதியில் கீழடி அகழாய்வில் கிடைத்த பானையோடுகளும் மக்கள் பெயர்களைத் தாங்கியுள்ளன. 2023 மார்ச்சு மாதம் திறக்கப்பெற்ற கீழடி அருங்காட்சியகத்தில் அவ்வோடுகளைக் காணலாம். புலிமான்கோம்பையை அறிந்தபின் கீழடிக்குச் செல்வது நன்று. ஆற்றின் போக்கிலேயே வரலாற்றையும் படித்த நிறைவு கிட்டும்.

மாண்டவரின் பெயரைக் கல்லில் எழுதி வழியோரம் நடுவது தமிழர்க்கு மட்டும் உரிய வழக்கன்று. வட ஐரோப்பாவிலுள்ள சுவீடன் நாட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரூன் எழுத்துக் கற்கள் உள்ளன. பெரும்பாலானவை கி.பி. 11ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை. தந்தைக்கு மகனும் கணவனுக்கு மனைவியும் எடுத்தவை. சிக்டுனா என்னும் பழைய நகரில் இக்கற்கள் தெருவோரங்களிலும் இடிந்த தேவாலயங்களின் அருகிலும் நிற்கின்றன. எழுத்துகளுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டி, அருகில் விளக்கப் பலகை வைத்துக் காக்கின்றனர். அந்நகருக்குச் செல்வோர் அருங்காட்சியகத்தை ஒரு நாழிகையில் பார்த்து முடித்துவிட்டு, எஞ்சிய பொழுதைத் தெருவில் கல் படிப்பதில் கழிக்கலாம். அக்கற்களைவிட ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மூத்தவை புலிமான்கோம்பையின் கற்கள்.

பாறையும் செப்பேடும்

உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயிலை ஒட்டிய குன்றில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. தலைக்கு மேல் நாகம் படம் விரித்து நிற்பவர் பார்சுவநாதர். முக்குடையின் கீழ் அமர்ந்திருப்போர் பிற தீர்த்தங்கரர். சிற்பங்களின் கீழே வட்டெழுத்தில் அமைந்த பொறிப்புகள், அவற்றைச் செய்வித்தோரின் பெயர்களைத் தருகின்றன. அப்பெயர்களுள் ஒன்று அச்சணந்தி. இத்துறவியின் பெயர் மதுரையை அடுத்த ஆனைமலையிலும், பழனியை அடுத்த ஐவர்மலையிலும், குமரி மாவட்டத்துச் சிதறாலிலும் காணப்படுகிறது. கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் பாண்டிநாடு முழுவதும் நடந்து திரிந்து சமணத்தை நிலைநிறுத்த முயன்ற ஒருவரின் அடிச்சுவடு உத்தமபாளையத்திலும் பதிந்துள்ளது. இன்று அப்பாறையின் அடியில் வழிபடப்பெறுபவர் கருப்பணசாமி. ஒரு சமயத்தின் இடம் மற்றொரு வழிபாட்டின் இடமாக மாறியபோதும் மக்கள் பழைய உருவங்களை அழித்துவிடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

அங்கிருந்து சின்னமனூர் தொலைவில் இல்லை. நெல்வயல்களும் வாழைத் தோட்டங்களும் சூழ்ந்த இவ்வூரின் பெயரை உலக ஆய்வாளர்கள் அறிந்திருப்பதற்குக் காரணம் இங்குக் கிடைத்த செப்பேடுகளே. பெரிய சின்னமனூர்ச் செப்பேடு, சிறிய சின்னமனூர்ச் செப்பேடு என அவை இரண்டு தொகுதிகள். பெரிய செப்பேட்டை வெளியிட்டவன் பாண்டிய மன்னன் இராசசிம்மன், காலம் கி.பி. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கம். வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் அமைந்துள்ளன. நிலக்கொடையைப் பதிவு செய்வதே ஏட்டின் நோக்கம். ஆயினும் கொடைக்கு முன்னர் மன்னனின் முன்னோர் பெருமை நீளப் பேசப்படுகிறது. மதுரையில் சங்கம் நிறுவியதும் மகாபாரதத்தைத் தமிழாக்கியதும் பாண்டியர் செயல்களாக அங்குக் கூறப்படுகின்றன. சங்கம் இருந்ததா, இல்லையா என்ற விவாதத்தில் இச்செப்பேடு தவறாமல் மேற்கோளாக வருவது இதனால்தான். சங்க காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்ட ஆவணம் ஆதலின், 10ஆம் நூற்றாண்டில் பாண்டியர் தம் மரபைப் பற்றி என்ன நம்பினர் என்பதற்கு அது நேர்ச்சான்று. சங்கம் இருந்தமைக்கு அதனை அதே அளவு நேர்ச்சான்றாகக் கொள்ளலாகாது. இந்த வேறுபாட்டை மறவாமல் படித்தால் செப்பேட்டின் மதிப்பு குறையாது, தெளிவு கூடும்.

முன்னோர் பெருமையை இவ்வளவு விரித்துரைத்த இராசசிம்மனே முதலாம் பராந்தக சோழனிடம் தோற்று, ஈழத்தில் அடைக்கலம் புகுந்தான். தன் முடியையும் அங்கேயே விட்டுச் சென்றதாக மகாவம்சம் கூறுகிறது.

இச்செப்பேடுகளைக் காணச் சின்னமனூருக்குச் சென்றால் ஏமாற்றமே மிஞ்சும். அவை இன்று அவ்வூரில் இல்லை. அவற்றின் வாசகம் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் அச்சாகியுள்ளது. பொருள் ஓரிடத்தில், நூல் வேறோரிடத்தில், ஊர் மற்றோரிடத்தில் என வரலாறு மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. செப்பேடு பாதுகாப்பான இடத்தில் இருத்தல் வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆயினும், பள்ளி மாணவர் எவரும் தம் ஊரின் பெயரைத் தாங்கிய செப்பேட்டின் படியையேனும் அவ்வூரிலேயே காண இயல வேண்டும்.

செப்பேடு ஊரை விட்டுப் போயினும் பிழைத்தது. கல்வெட்டுகளுக்கு அந்தப் பேறும் எப்போதும் வாய்ப்பதில்லை. கோயில் திருப்பணியின்போது அழுக்கு நீக்குவதற்காக மணலை விசையோடு பீய்ச்சியடிக்கும் முறை ஒரு காலத்தில் பல ஊர்களில் கையாளப்பட்டது. அழுக்கோடு எழுத்தும் போயிற்று. பின்னர் இம்முறை தடை செய்யப்பெற்றது. சுண்ணாம்பும் வண்ணப்பூச்சும் பல கல்வெட்டுகளை மூடியுள்ளன. நடுகற்கள் துணி துவைக்கும் கல்லாகவும், வாய்க்காலைக் கடக்கும் பாலமாகவும், வீட்டுப் படியாகவும் மாறிய ஊர்கள் தமிழகத்தில் மிகுதி. வேண்டுமென்றே எவரும் அழிப்பதில்லை; படிக்கத் தெரியாமையே அழிக்கிறது.

எழுத்துடைய கல்லை எங்கேனும் காண நேர்ந்தால் அதன்மீது சுண்ணக்கட்டியால் எழுதுவதோ எண்ணெய் தடவுவதோ கூடாது. கிடக்கும் நிலையிலேயே ஒளிப்படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, கிராம நிருவாக அலுவலருக்கோ மாநிலத் தொல்லியல் துறைக்கோ தெரிவிக்க வேண்டும். மண்ணுள் புதைந்த செப்பேடு, காசு போன்றவை கிடைத்தால் மாவட்ட ஆட்சியரிடம் அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் விதித்த கடமை. கல்வெட்டைப் படியெடுப்பது பயிற்சி பெற்றோர் பணி. கல்லைத் தூய்மை செய்து, நனைத்த தாளை அதன்மேல் பரப்பி, தூரிகையால் தட்டி எழுத்தின் பள்ளங்களுக்குள் தாளைப் படியச் செய்வர். பின்னர் மைதோய்ந்த பந்தால் ஒற்றுவர். பள்ளமான எழுத்து வெண்மையாகவும் சுற்றுப்புறம் கருமையாகவும் தாளில் தோன்றும். கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் மைப்படியில் தெளிந்து வருவதுண்டு.

போடிநாயக்கனூர் அரண்மனையின் சுவரோவியங்கள் தனியே ஒரு கட்டுரைக்கு உரியன. இங்குப் பெயர் சுட்டுவதோடு நின்று, மலையேறுவோம்.

மலைமுடியில் ஒரு கோட்டம்

கூடலூருக்கு மேலே, வண்ணாத்திப்பாறை மலைப்பகுதியில், தமிழக–கேரள எல்லையில் உள்ளது மங்கலதேவி கண்ணகி கோட்டம். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில், புலிகள் காப்பகக் காட்டின் நடுவே, இடிபாடுற்ற கற்சுவர்களோடு அது நிற்கிறது. சித்திரை முழுநிலவு நாளில் மட்டுமே மக்கள் செல்ல இசைவு உண்டு. தமிழகத்துப் பளியங்குடியிலிருந்து நடந்து ஏறுவோரும், குமுளியிலிருந்து ஊர்தியில் வருவோரும் அன்று அங்குக் கூடுகின்றனர். இரு மாநில அலுவலர்களும் சேர்ந்து அந்நாளுக்குரிய ஏற்பாடுகளைச் செய்கின்றனர்.

இவ்விடத்தை இளங்கோவடிகள் பாடிய கண்ணகி கோட்டம் என உலகறியச் செய்தவர் பேராசிரியர் சி. கோவிந்தராசனார். பூம்புகாரிலிருந்து கண்ணகி சென்ற வழியைக் காப்பியத்தின் துணைகொண்டு தாமே நடந்து ஆராய்ந்து, 1963ஆம் ஆண்டு இக்கோட்டத்தை அடையாளம் கண்டார். நூலைக் கையில் ஏந்தி நிலத்தைப் படித்த முயற்சி அது. கேரளத்துக் கொடுங்கல்லூர்ப் பகவதி கோயிலைக் கண்ணகியோடு தொடர்புபடுத்தும் மரபும் நெடுங்காலமாக உண்டு. ஆதலின் இவ்விவாதம் முற்றுப்பெற்றது என்று கூறுவதற்கில்லை.

கோட்டத்துக்குச் செல்லுமுன் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டக் காதைத் தலைப்புகளை ஒருமுறை நோக்குக: காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை. நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் கூறும் நிலைகளும் கல்லைக் காணுதல், கால்கொள்ளுதல், நீராட்டுதல், நடுதல் என்றே தொடங்கி வாழ்த்தலில் முடிகின்றன. ஆகோளில் மாண்ட வீரனுக்குரிய அதே சடங்கு முறையைக் கண்ணகிக்கு அமைத்துக் காப்பியத்தின் ஒரு காண்டத்தையே கட்டியிருக்கிறார் இளங்கோவடிகள். புலிமான்கோம்பையின் கல்லும் மலைமுடியின் கோட்டமும் இப்பள்ளத்தாக்கின் இரு முனைகளில் உள்ளன. ஒன்றைப் பார்த்தவர் மற்றதை எளிதில் புரிந்துகொள்வார். தீயன் அந்தவனுக்கு உற்றார் ஓரிரு அடிகளில் செய்ததைச் சேரன் செங்குட்டுவன் இமயத்துக் கல்கொண்டு செய்ததாகக் காப்பியம் பாடுகிறது.

கிழக்கே திரும்பிய ஆறு

கோட்டத்திலிருந்து இறங்கினால் லோயர் கேம்ப். மலைச்சரிவில் பெருங்குழாய்கள் இறங்கி வர, அவற்றின் அடியில் மின்நிலையம் அமைந்துள்ளது. அருகே பென்னிகுவிக் நினைவு மண்டபம். அவரது பிறந்தநாளான சனவரி 15 அன்று, 2013ஆம் ஆண்டில் இம்மண்டபம் திறக்கப்பெற்றது. உள்ளே அவரது வெண்கலச் சிலை நிற்கிறது. முல்லைப் பெரியாறு அணை கேரளத்து இடுக்கி மாவட்டக் காட்டினுள் உள்ளது. அங்குப் பொதுமக்கள் எளிதில் செல்ல இயலாது. எனவே அணையைக் காண விழையும் மாணவர்க்கு இம்மண்டபமே வாயில்.

மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலந்த பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்டதே இவ்வணையின் தனிச்சிறப்பு. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுகளுக்குக் குத்தகை ஒப்பந்தம் செய்துகொள்ளப்பட்டது. 1887இல் பணி தொடங்கியது. 1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் அணையைத் திறந்துவைத்தார். சுண்ணாம்பும், செங்கல்லைச் சுட்டுப் பொடித்த சுர்க்கியும் கலந்த காரையால் எழுந்த 1,200 அடி நீள அணை அது. ஏறத்தாழ 5,700 அடி நீளச் சுரங்கவழியாக நீர் இப்பக்கம் இறங்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைவது அந்நீரால்தான்.

பணிக்காலத்தில் வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை அடித்துச் சென்றது. அரசு பணம் தர மறுத்தபோது பென்னிகுவிக் இங்கிலாந்திலிருந்த தம் சொத்தை விற்று அணையை முடித்தார் என்பது இப்பகுதியில் பரவலாக வழங்கும் செய்தி. ஆவணங்கள் காட்டுவதோ சென்னை மாகாண அரசு செலவிட்டு முடித்த திட்டத்தை. சொத்து விற்பனைக்குச் சான்று கிடைக்கவில்லை என ஆய்வாளர் சிலர் சுட்டியுள்ளனர். எனினும் பாலார்பட்டி மக்கள் அவர் பிறந்தநாளில் பொங்கலிடுவதும், வீடுகளில் அவர் படத்தை மாட்டியிருப்பதும் உண்மை. மக்கள் ஏன் அவ்வாறு நம்ப விரும்பினர் என்பதும் வரலாறு ஆராய வேண்டிய வினாவே. 1876–78 தாது வருடப் பஞ்சத்தை அறிந்தோர், வயலுக்கு நீர் வந்த நாளை எவ்வாறு போற்றியிருப்பர் என எண்ணிப் பார்த்தால் விடை ஓரளவு புலப்படும்.

அணையின் வரலாற்றை அதில் பணியாற்றிய பொறியாளர் மெக்கன்சி 1899இல் நூலாக வெளியிட்டார். சென்னைப் பயனியர் படைப்பிரிவினரும், கொச்சியிலிருந்து வந்த தச்சர்களும், பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து சென்ற கூலித் தொழிலாளர்களும் அங்கு உழைத்தனர். மழையும் குளிரும் காய்ச்சலும் காலராவும் பலரைக் கொண்டுபோயின. பொறியாளரின் பெயர் நமக்குத் தெரியும். ஆளுநரின் பெயர் தெரியும். ஒப்பந்த நாள்கூடத் தெரியும். கல் சுமந்து மாண்டோரின் பெயர்களைப் பொறித்த கல் ஏதும் நினைவு மண்டபத்தின் நடுவே நிற்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனின் பெயரும் ஊரும் இறந்த காரணமும் சில சொற்களில் நமக்குக் கிடைத்துள்ளன. நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குச் சற்று முன்னர் இறந்தோருக்கு அது வாய்க்கவில்லை.

அப்பெயர்கள் முழுவதும் மறைந்துவிட்டன என்று கொள்ளவும் வேண்டியதில்லை. கூடலூர், கம்பம், சின்னமனூர்ப் பகுதி மாணவர்கள் தம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கலாம்: "நம் முன்னோரில் பெரியாற்று வேலைக்கு மலையேறிப் போனவர் உண்டா? அவர் பெயர் என்ன? திரும்பி வந்தாரா?" விடை கிடைத்தால், கேட்ட நாளும் சொன்னவரின் வயதும் சேர்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம்.